வாசிப்பும் மனநலமும்: தென்னார்க்காட்டில் பாரதம் படித்தல் குறித்த ஓர் ஆராய்ச்சி

நூல் பயிலுதல் உள்ளத்திற்கு நலம் பயக்கும் என்னும் கருத்து இக்காலத்தே பெரிதும் பேசப்படுகின்றது. கவலையுற்றார் நல்ல நூலொன்றை எடுத்துப் படிப்பாராயின் அக்கவலை தணியும் என்பர். துயில் வாராதார்க்கும், தனிமையுற்றார்க்கும், முதுமையால் தளர்ந்தார்க்கும் நூலே துணை என்பர். இவையெல்லாம் மறுத்தற்குரியன அல்ல. ஆயின், நூல் எவ்வாறு அந்நலத்தைச் செய்கின்றது என்னும் வினாவிற்கு விடை கூறுவார் மிகச் சிலரே. மகிழ்வூட்டும் நூல் மகிழ்ச்சியைத் தரும், துயர் கூறும் நூல் துயரைத் தரும் என்று எளிதாகக் கொண்டுவிடுதல் பலர்க்கும் இயல்பாக உள்ளது. அங்ஙனம் கொள்ளுதல் பொருந்தாது என்பதும், துயருற்ற உள்ளத்திற்குத் துயர் கூறும் நூலே பெரும்பாலும் துணையாகின்றது என்பதும், அத்துணையும் தனித்துப் படிப்பதைவிடப் பிறரோடு கூடியிருந்து கேட்கும்பொழுது மிகுகின்றது என்பதும் இக்கட்டுரையால் நிறுவ முயலும் கருத்துகளாம். இதற்குச் சான்றாகத் தென்னார்க்காட்டுப் பகுதியில் திரௌபதியம்மன் கோயில்களில் நிகழும் பாரதம் படித்தலை எடுத்துக்கொள்கின்றேன். தென்னார்க்காடு மாவட்டம் 1993-இல் கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்தது. எனினும் இவ்வழக்கிற்கு அம்மாவட்ட எல்லைகள் பொருட்டல்ல என்பதால் பழைய பெயரையே ஆள்கின்றேன்.

முதற்கண் மேலைநாட்டார் கூறுவனவற்றைச் சுருங்கக் காண்போம். நூலை மருந்தாகக் கொள்ளும் முறைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரைச் சாமுவேல் குரோதர்சு என்பார் 1916-இல் எழுதிய கட்டுரையொன்றில் ஆண்டார். அக்கட்டுரை பாதி நகையாட்டாக எழுதப்பட்டது என்பது பலர் மறந்துவிட்ட செய்தி. அமெரிக்க நாட்டு டசுக்கீகி நகரில், போரில் ஊறுபட்ட கறுப்பின வீரர்க்கென அமைந்த மருத்துவமனையில் 1924-இல் நூலகராகப் பொறுப்பேற்ற சேடி டிலேனி அம்மையார் அதனை வினைப்படுத்திக் காட்டினார். நோயாளியின் உள்ளநிலை அறிந்து நூல் தெரிந்து கொடுத்தும், படித்தார் பலரையும் ஒருங்கு கூட்டி உரையாடச் செய்தும் அவர் ஆற்றிய பணி நூலகத்துறையில் ஒரு நெறியாகவே நிலைத்தது. அண்மைக்காலத்தே, 2016-இல் யேல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஐம்பது வயது கடந்த 3,635 பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியது. நூல் படிப்போர்க்கு அக்காலத்துள் இறப்பு நேரும் வாய்ப்பு, படியாதாரினும் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவாக இருந்ததென்றும், செய்தித்தாளும் பருவ இதழும் படிப்பதைவிட நூல் படிப்பதே மிக்க பயன் தந்ததென்றும் அது கூறும். உயர்ந்த புனைகதைகளைச் சிறிது நேரம் படித்தார் பிறர் உள்ளக் குறிப்பை நன்கு உணர்கின்றனர் என 2013-இல் ஓர் ஆய்வு வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. பின்னர் அதனை மீண்டும் செய்து பார்த்தோர் சிலர்க்கு அம்முடிபு கிட்டவில்லை. ஆதலின், எண்ணால் அளந்து கூறும் இம்முடிபுகளை ஓரளவு எச்சரிக்கையோடு கொள்ளுதல் வேண்டும். நீண்ட நாள் வாழ்ந்தமையால் படித்தனரோ, படித்தமையால் நீண்ட நாள் வாழ்ந்தனரோ என்பதைப் பிரித்தறிவது எளிதன்று.

இவ்வாறு அயல்நாட்டு ஆய்வேடுகளில் தேடும்பொழுது எங்கள் ஊர்க் கதை ஒன்று என் நினைவிற்கு வருவதுண்டு. திருமுதுகுன்றம் என்று தேவாரம் கூறும் இவ்விருத்தாசலத்தில் பெற்ற பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது வரலாறு. ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடுதல் என்னும் பழமொழி அதிலிருந்து பிறந்தது. சுந்தரர்க்குப் பொன் கிடைத்தது. நமக்கோ, இட்ட இடத்திலேயே தேடுவது நன்று.

தமிழில் இப்பொருள் பற்றிய ஆராய்ச்சி தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலேயே தொடங்கிவிட்டது. ஆங்கு எண்ணப்படும் மெய்ப்பாடுகள் எட்டனுள் அழுகை, அச்சம், இளிவரல், வெகுளி என்னும் நான்கும் எவரும் தம் வாழ்க்கையில் விரும்பி ஏற்பன அல்ல. நகை, உவகை, பெருமிதம், மருட்கை என்பனவே வேண்டப்படுவன. செம்பாதி வேண்டாதனவாக இருக்க, அவ்வெட்டினையும் ஒரே நிரலில் வைத்துச் செய்யுட்கு உறுப்பெனக் கொண்டார் ஆசிரியர். அழுகை தோன்றும் களன்களாகப் பிறரால் இகழப்படுதலும், உற்றாரையோ பொருளையோ இழத்தலும், முன்னை நிலையினின்று தாழ்தலும், வறுமையும் ஆகிய நான்கினை அவர் வகுத்துக் காட்டுவது நோக்கத்தக்கது. இன்று மனநல மருத்துவர் தம்மை நாடி வருவாரிடம் முதலில் வினவுவனவும் ஏறக்குறைய இவையே. இனி, இளம்பூரணர் தம் உரையில் செயிற்றியம் என்னும் பழைய கூத்த நூலின் கருத்தை எடுத்துக்காட்டி, ஒருவன் உற்ற உணர்வு அதனைக் காண்பார்மாட்டுச் சென்று சேர்தலே மெய்ப்பாடு என்பார். எனவே மெய்ப்பாட்டிற்கு உற்றவன் ஒருவன், காண்பவன் ஒருவன் என இருவர் வேண்டும். தன் துயரைத் தானே உற்றுக்கொண்டிருப்பவன் இவ்விலக்கணத்தின்படி இன்னும் காண்பவன் ஆகவில்லை. அவனைக் காண்பவனாக்குவது யாது? அவன் துயரை ஒத்த பிறிதொரு துயரை அவன்முன் நிறுத்தும் செய்யுளே ஆகும். அரிசுடாட்டில் அவலநாடகம் பற்றிக் கூறியதும் இதனோடு ஒப்பிடத்தக்கதாயினும், ஈண்டு அதனை விரிப்பின் பெருகும்.

ஒன்றை இவ்விடத்தே தெளிவுபடுத்தல் வேண்டும். வாசிப்பு என்றவுடன் இன்று நாம் கருதுவது, ஒருவர் தனித்திருந்து வாய் திறவாது கண்ணால் படிப்பதையே. இது தமிழகத்தில் அண்மைக் காலத்தே பரவிய வழக்கம். சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரையிலும் ஒருவர் வாய்விட்டுப் படிக்கப் பலர் கேட்பதே வாசிப்பாக இருந்தது. சென்னை அச்சகத்தார் பலர் வெளியிட்ட 'பெரிய எழுத்து' வரிசையில் நல்லதங்காள் கதையும், அல்லியரசாணி மாலையும், தேசிங்குராஜன் கதையும் பருத்த எழுத்தில் அச்சிடப்பட்டன. எழுத்துக் கூட்டிப் படிப்பாரும், விளக்கொளியில் கண் மங்கிய முதியோரும் பிறர்க்குப் படித்துக் காட்டுதற்கு அவ்வமைப்பு பெரிதும் உதவியது. கற்றார் அவையிலும் இதுவே நிலை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 1876-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் முதல் நாள் திருவாவடுதுறையில் உயிர் நீங்கும் வேளையில், அவர்தம் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையர் திருவாசகத்தின் அடைக்கலப்பத்தினைப் படித்த செய்தியைத் தம் நூலில் எழுதியுள்ளார். இருபத்தொரு வயது கூட நிரம்பாத இளைஞர் அவர். அவ்வாசிப்பு ஆசிரியரின் உயிரைக் காக்கவில்லை. காக்க வேண்டும் என்று எவரும் கருதவுமில்லை. அங்குக் கூடியிருந்தோர் அந்நேரத்தைக் கடப்பதற்கு அது வழி செய்தது.

இனித் தென்னார்க்காட்டுப் பாரத வாசிப்பிற்கு வருவோம். செஞ்சியைச் சூழ்ந்த பகுதியிலும் அதற்குத் தெற்கிலும் உள்ள ஊர்கள் பலவற்றில் திரௌபதியம்மன் கோயில் உண்டு. கோடை தொடங்கும் திங்கள்களில், ஊரார் கூடி முடிவு செய்த ஆண்டுகளில், பத்து நாள், பதினெட்டு நாள், சில ஊர்களில் அதனினும் மிகுதியாகவும் பாரதம் படிக்கப்படும். பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதச் செய்யுளைப் பாடச் செய்து அல்லது தாமே பாடிப் பொருள் விரிப்பார். அன்று படித்த பகுதியையே இரவில் தெருக்கூத்தாக ஆடுவர். இறுதி நாட்களில் படுகளம் நிகழும். மண்ணால் வனைந்த துரியோதனன் உருவம் வெட்டவெளியில் நெடிது கிடக்க, அதன்மேல் போர் முடிக்கப்படும். திரௌபதி கூந்தல் முடிப்பாள். அதன் பின் தீமிதி. இவ்வழிபாட்டைப் பற்றி ஆல்ப் ஹில்டபீட்டல் என்னும் அமெரிக்க அறிஞர் செஞ்சிப் பகுதியைக் களமாகக் கொண்டு எழுதிய நூலின் முதற்றொகுதி 1988-இல் வெளிவந்தது. அவர் சமய வரலாற்று நோக்கில் ஆராய்ந்தார். யான் நோக்குவது, அவ்வாசிப்பினைக் கேட்பாரின் உள்ளநிலையை.

வில்லிபுத்தூரார் பாரதம் பத்துப் பருவங்களோடு முடிவது. போர் முடிந்தவுடன் நூலும் முடிந்துவிடுகின்றது. வடமொழிப் பாரதத்தில் பதினோராவதாக அமைந்த பருவம் மகளிர் பருவம். போர்க்களத்தில் கிடக்கும் கணவரையும் மக்களையும் கண்டு காந்தாரி முதலிய மகளிர் புலம்புவதே அதன் பொருள். வில்லியார் அதனைப் பாடவில்லை. பதினேழாம் போர்ச் சருக்கத்தில் வீழ்ந்து கிடக்கும் கன்னனை மடியில் ஏந்திக் குந்தி அழும் பகுதி உண்டு என்பது மெய்யே; எனினும் மகளிர் அழுகைக்கெனத் தனிப் பருவம் அவர் நூலில் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை எஞ்சிய பருவங்களையும் சேர்த்துப் பாடினார். ஆயினும் ஊர்தோறும் பெரிதும் வழங்குவது வில்லிபாரதமே. இங்ஙனம் நூலில் இல்லாத பகுதியை ஊரார் தாமே நிரப்பிக்கொண்டனர் என்பது என் துணிபு. படுகளத்தில் துரியோதனனுக்காக அவன் தாயோ மனைவியோ புலம்பும் பகுதி கூத்தராலேயே ஒப்பாரி மெட்டில் பாடப்படுகின்றது. பகைவனாகிய அவனுக்காகக் கூடியிருக்கும் பெண்டிர் கண்ணீர் விடுவர். அக்கண்ணீர் துரியோதனன் பொருட்டு மட்டும் வருவதன்று என்பதை அவர்களே கூறுவர். அவ்வாண்டில் தம் வீட்டில் நேர்ந்த சாவு ஒவ்வொருவர்க்கும் அங்கே நினைவிற்கு வருகின்றது. வடதமிழகத்தில் கருமாதி நாளில் கன்ன மோட்சக் கூத்தினை நடத்தும் வழக்கமும் இதன்பாற்படும். சாவு நிகழ்ந்த வீட்டில் சாவினைப் பாடும் கதையையே தேர்ந்தெடுக்கின்றனர், நகைக்கதையைத் தேர்ந்தெடுப்பாரில்லை.

குடும்பத்து நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டுதல் ஆராய்ச்சி நெறிக்கு ஒவ்வாது என்பார் உளர். அதனை உணர்ந்தும் ஒன்றினை ஈண்டுக் குறிக்கின்றேன். இவ்வினா எனக்கு எழுந்ததே அதனால்தான். யான் முனைவர்ப் பட்டத்திற்கு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த காலத்தே, வெளியூரில் வேலை பார்த்த என் தமையனார் சாலை நேர்ச்சியொன்றில் இறந்தார். எம் அன்னையார் அழவில்லை. அடக்கம் முடிந்து திங்கள் மூன்று ஆகியும் அழவில்லை, உணவு குறைந்தது, பேச்சு நின்றது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர் அவர். வார இதழ்த் தொடர்கதைகளை முன்னெல்லாம் விடாது படிப்பவர். இலக்கியம் பயின்ற செருக்கினால் யான் அவர்க்கு நகைச்சுவை நூல்கள் சிலவற்றை வாங்கிச் சென்று கொடுத்தேன். அவற்றைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பின், "எழுத்து தெரியுது. ஆனா ஒண்ணும் உள்ள போவலப்பா" என்று கூறி மூடி வைத்தார்.

அவர் கூறியது மருத்துவ நூல்களில் உள்ள செய்தியே என்பதைப் பின்னரே அறிந்தேன். உளச்சோர்வுற்றார்க்கு மனத்தை ஒருமுகப்படுத்தும் ஆற்றல் குன்றிவிடும். தனித்துப் படிப்பதற்கு எவ்வாற்றல் இன்றியமையாததோ அதுவே அவரிடம் முதலில் பழுதுபடுகின்றது. நோயுற்றானுக்கு நூல் கொடு என்போர் இதனைக் கருதுதல் வேண்டும். அடுத்த கோடையில் எம் ஊரில் பாரதம் படித்தனர். அண்டைவீட்டுப் பெண்கள் அன்னையாரை அழைத்துச் சென்றனர். முதற் சில நாள் கூட்டத்தின் ஓரத்தில் வெறிதே அமர்ந்திருந்தார். கேட்டாரோ இல்லையோ அறியேன். ஆயின், கேளாதிருப்பினும் கதை அவர்க்காக நிற்கவில்லை; மறுநாள் சென்றபொழுது ஊரோடு சேர்ந்து அவரும் அடுத்த சருக்கத்திற்கு வந்துவிட்டார். நூலைக் கையில் வைத்துப் படிப்பவர்க்கு இவ்வுதவி கிட்டாது. விட்ட பக்கம் விட்ட இடத்திலேயே நிற்கும். பதினேழாம் நாட் போரில் குந்தி தன் மகனை மடியில் ஏந்தும் பகுதியைப் பிரசங்கியார் விரித்துக் கூறிய மாலையில் அவர் அழுதார். பக்கத்திலிருந்த இருவர் அவர் தோளைப் பற்றிக்கொண்டு தாமும் அழுதனர். அன்றிரவு வீட்டிற்கு வந்து தமையனார் பெயரைச் சொல்லிப் பேசினார். பத்துத் திங்களில் முதன்முறையாக.

இதனை மிகைப்படுத்திக் கூறுதல் கூடாது. கார்காலத்தில் அவர்க்குச் சோர்வு மீண்டும் வந்தது, மருத்துவரிடம் காட்டினோம், மாத்திரைகள் கொடுத்தனர், அவற்றால் துயில் வந்தது. பாரதம் நோயைத் தீர்த்தது என்று யான் கூறவில்லை. நூலும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. மருத்துவரை நாட வேண்டிய ஒருவரை நூலின்மேல் மட்டும் சார்த்தி விடுதல் பெருங்கேடு. பாரதம் செய்தது பிறிதொன்று. அவர் துயர்க்கு ஒரு வடிவும், அதனை வெளியிடுதற்கு ஓர் இடமும், உடனிருந்து கேட்பாரையும் அது தந்தது. மருத்துவரிடம் தம் நிலையைக் கூறுதற்கு வேண்டிய சொல்லும் அதன் பின்னரே அவர்க்கு வாய்த்தது எனக் கருதுகின்றேன்.

அங்ஙனமாயின் தனித்துப் படித்தலால் பயனில்லையோ எனின், உண்டு. சிறையுற்றார் வாழ்க்கையே அதற்குச் சான்று. வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1908-இல் தொடங்கிய சிறைவாழ்வில், எண்ணமே வாழ்வை உருவாக்குவது என்னும் பொருளமைந்த சேம்சு ஆலன் நூலைத் தமிழாக்கினார். கண்ணனூர்ச் சிறையில் உடனிருந்தார்க்கு அறம் உணர்த்துதற்கென மெய்யறம் இயற்றினார். தனிப் படிப்பாகத் தொடங்கியது அவரிடத்தும் பிறர்க்குப் படித்துக் காட்டுதற்குரிய நூலாக முடிந்தது காண்க. தமிழ்நாட்டுச் சிறைத்துறையினர் 2023-ஆம் ஆண்டுச் சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என அரங்கு அமைத்துக் கைதிகளுக்கென நூற்கொடை பெற்றதும் நன்முயற்சியே. எங்கள் ஊரின் பெயரையே இயற்பெயராக உடைய புதுமைப்பித்தனின் கதைகளைத் தனியறையில் படித்துப் பாருங்கள். நம்பிக்கை வறட்சி தம் கதைகளின் இயல்பு என்பதை ஒப்புக்கொண்டவர் அவர். ஆயினும் அவற்றைப் படித்தவர் நம்பிக்கை இழந்து எழுவதில்லை. தம் உள்ளத்தில் உருவின்றிக் கிடந்த கசப்பினைப் பிறர் ஒருவர் ஒழுங்குபடச் சொல்லக் கேட்ட அமைதியே எஞ்சுகின்றது. ஆதலின் தனிப்படிப்பிலும் உடனிருப்பார் ஒருவர் உண்டு, நூலாசிரியரே அவர். அவரோடு உடனிருத்தற்கு வேண்டிய பயிற்சியும் தெம்பும் எல்லார்க்கும் எப்பொழுதும் இருப்பதில்லை என்பதே யான் கூற வந்தது. 1948-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டத்தால் ஊர்தோறும் நூல் வந்தது. அது செயற்கரிய செயல். ஆயினும், படித்துக் காட்டும் குரலும் நூலோடு வர வேண்டும் என்பதை நாம் எண்ணவில்லை. நூலகங்களில் 'அமைதி காக்க' என எழுதி வைத்ததோடு நின்றுவிட்டோம்.

குரலை மீண்டும் நூலோடு சேர்த்தோர் பிற நாடுகளில் உளர். இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் சேன் டேவிசு அம்மையார் நிறுவிய 'தி ரீடர்' என்னும் அமைப்பினர், எவரும் முன்னரே படித்து வர வேண்டா என்று கூறி, சிறு குழுவாகக் கூட்டிக் கதையையும் கவிதையையும் உரக்கப் படித்து இடையிடையே நிறுத்தி உரையாடுகின்றனர். உளச்சோர்வுற்றார் பலர் அக்குழுக்களில் கலந்துகொள்வதையும், அவர்பால் நிகழ்ந்த மாற்றங்களையும் அந்நகரப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து எழுதியுள்ளனர். இன்னும் பழையது கியூபா நாட்டுச் சுருட்டுத் தொழிலகங்களின் வழக்கம். 1865 முதல் அவானா நகரில் சுருட்டுச் சுற்றுவோர் தம் கூலியிலிருந்து பணம் சேர்த்துப் படிப்பாளர் ஒருவரை அமர்த்தி, வேலை நேரத்தில் நாளிதழும் நாவலும் படிக்கச் செய்து கேட்டனர். அவ்வாறு கேட்ட நாவலொன்றின் பெயரே பின்னர்ச் சுருட்டு ஒன்றிற்கு இடப்பட்டு உலகெங்கும் விற்கப்படுகின்றது. கேரளத்துக் கண்ணூர்ப் பகுதியில் பீடித் தொழிலாளரும் இங்ஙனமே கூடிக் கேட்டனர்.

கைக்கு வேலையும் செவிக்கு ஓய்வும் உள்ள இடங்களிலேயே இவ்வழக்கம் வேரூன்றியது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களும் அத்தகையனவே. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் விளிம்பினை ஈரப் பஞ்சினால் துடைத்துச் சீர் செய்யும் வேலை சிறு கூடங்களில் பெரும்பாலும் பெண்டிர் கையில் உள்ளது. ஓசை மிகாத வேலை. நாள் முழுதும் அமர்ந்து செய்வது. என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தியின் தாயார் அத்தகைய கூடமொன்றில் பணி புரிகின்றார். சென்ற ஆண்டு விடுமுறையில் அம்மாணவி, பாடத்திற்கு வைத்த நாவலைத் தேர்வுக்காகப் படிக்க வேண்டியிருந்தது. வீட்டில் இடமில்லாமையால் தாயாருடன் கூடத்திற்குச் சென்று அமர்ந்து படித்தாள். ஒருநாள் மூலையில் இருந்த அம்மையார் ஒருவர், வாயை விட்டுப் படித்தால் தமக்கும் கேட்குமே என்றாராம். நாவல் பத்து நாளில் முடிந்தது. அதில் குழந்தையொன்று இறக்கும் பகுதி வந்தபொழுது எவரும் பேசவில்லை என்றும், உணவு வேளையில்தான் ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் வீட்டுச் செய்தியைக் கூறத் தொடங்கினர் என்றும் அவள் என்னிடம் கூறினாள்.

அம்மாணவிக்குக் கல்லூரி திறந்துவிட்டது. கூடத்துப் பெண்டிர் இப்பொழுது அவள் தாயார் வழியாக ஒரு வினா அனுப்பியிருக்கின்றனர்: ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டு, அவளால் வர இயலுமா, வரும்பொழுது பாரதம் கிடைக்குமா, பெரிய எழுத்தில்?